குதிரைப் படத்துக்கு நான் எழுதிய சுபம்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு முப்பத்தொரு வருஷம் ஓடியது. அதில் முதல் தொண்ணூற்றாறு நாள் தியேட்டரில், மீதியெல்லாம் வீட்டில். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

அதற்கு ஆபத்து வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நான் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என் சாப்பாட்டு டப்பாவை அழுத்தி மூடிக்கொண்டே, இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னங்க, நம்ம குதிரைப் படம் டிவிடியில வந்திருக்காம். டிவிடி கடைக்காரன் சோடாபுட்டி கடைக் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கான். ரெண்டு டிஸ்க். வாங்கிட்டு வரேன், ஞாயித்துக்கிழமை உக்காந்து பார்ப்போம்."



"அது எதுக்கு இப்போ? நாலு மணி நேரப் படம். உனக்கு முதுகு வலி வேற."

"அந்தப் பலகை நாற்காலியில உக்காந்து பதினோரு தடவை பார்த்தவ நான். சோபாவுல உக்கார மாட்டேனா? அந்தக் கடைசி சீனை இன்னொரு தடவை பார்க்கணும்ங்க. அவன் வீட்டுக்கு வந்து சேர்ற சீன்."

நான் இடது ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். ஏனென்றால் அந்தப் படத்தில் கடைசியில் அவன் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. செத்துப்போகிறான். அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தது நான்.

குதிரைப் படம் என்பது அதன் பெயரல்ல. ஹாலிவுட்டில் கொட்டிக் கொட்டி எடுத்த சரித்திரப் படம். ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. போஸ்டரில் இரண்டாயிரம் குதிரைகள் என்று போட்டிருந்ததால் ஊரே அதைக் குதிரைப் படம் என்றது. எங்கள் தியேட்டருக்கு வரும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. நான் அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டர். கேபின் என்று ஒரு சின்ன அறை, உள்ளே இரண்டு மெஷின், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அடுப்பு மாதிரி சூடு. அந்தத் தொழில் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். காற்று வருகிறது, என்னைப் பார்த்து யாரும் விசிலடிப்பதில்லை.

விசிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மெஷினும் ஓடினால் ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் தொடங்குவதே கீழே தெரியாது. எங்களிடம் ஓடியது ஒன்றுதான் என்பதால் ரீலுக்கு ரீல் ஒரு நிமிஷம் திரை இருண்டு கிடக்கும். உடனே கீழே கூச்சல் கிளம்பும். "யோவ் ஆபரேட்டர், தூங்கிட்டியா?" அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு விசில் வரும். ஊசி போலக் காதில் இறங்கி மூளையில் போய் நிற்கும். எந்தக் காலிப்பயல் என்று சுவரின் ஓட்டை வழியாக எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன், இருட்டில் ஒன்றும் தெரியாது. அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

படத்தின் கதை எளிது. ஒரு சேனாதிபதி. போருக்குப் போகிறான், ஐந்தாவது ரீலில் ஜெயித்துவிட்டு வீடு திரும்புகிறான். மாலை வெளிச்சத்தில் குதிரை வருகிறது. பெரிய மரக்கதவு. அவன் மனைவி தானே தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்கிறாள். இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள், கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். இன்டர்வெல்லுக்குப் பிறகு அதைவிடப் பெரிய போர். பத்தாவது ரீலில் அவன் தம்பி சாகிறான். பதிமூன்றாவது ரீலின் முடிவில் போர் ஓய்கிறது. கையில் பெரிய கட்டு, முகத்தில் ஆறு மாதத் தாடி, சேனாதிபதி குதிரையில் ஏறி வீட்டுப் பக்கம் திரும்புகிறான். பதினாலாவது ரீல்தான் கடைசி. வழியிலேயே விழுந்து சாகிறான். அவள் தேடி வருகிறாள். வெட்டவெளியில் குதிரை மட்டும் தனியாக நிற்கிறது. பிறகு அவனைப் பார்க்கிறாள்.

படத்துக்கு ஒரே பிரதி, இரண்டு தியேட்டர். ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த தியேட்டரில் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காட்சி தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை மீசை என்கிற எங்கள் தியேட்டர் ஆள் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவார். முதல் நாள் மாலைக் காட்சியில் பதிமூன்றாவது ரீல் முடிந்தது, சேனாதிபதி குதிரையைத் திருப்பினான், திரை இருண்டது. மீசையைக் காணோம். பிறகுதான் தெரிந்தது, சைக்கிள் டயர் வழியில் படுத்துவிட்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கீழே நாற்காலிகள் உடையத் தொடங்கின. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடிவந்தார்.

"எதையாவது போட்டுத் தொலைடா!"

மேஜையில் ஓடி முடிந்த ரீல்கள் கிடந்தன. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பியவனை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஐந்தாவது ரீலை எடுத்து மாட்டினேன். குதிரை வந்தது. கதவு திறந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயே மெஷின் விளக்கை மூடிவிட்டு, அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்திருந்தேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கைதட்டினார்கள் பாருங்கள், கேபின் கண்ணாடி அதிர்ந்தது. முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இனிமே இப்படியே ஓட்டு. பதினாலாவது ரீல் நமக்கு வேண்டாம். முடிஞ்சுதுன்னு தெரியறதுக்கு மட்டும் ஏதாவது போடு."

மறுநாள், விளம்பரம் போடும் கண்ணாடி ஸ்லைடு ஒன்றை எடுத்துக் கறுப்பு மையால் 'சுபம்' என்று எழுதினேன். ஹாலிவுட் படத்துக்குச் சுபம் போட்ட ஆபரேட்டர் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஓட்டை இல்லாமல் இல்லை. பதிமூன்றாவது ரீலில் தாடியும் கட்டுமாக இருந்தவன் வீட்டு வாசலில் மழமழவென்று வந்து இறங்கினான். பத்தாவது ரீலில் செத்த தம்பி வாசலில் நின்று குதிரையைப் பிடித்தான். ஆனால் ஜனங்களுக்குச் சந்தோஷமான முடிவு வேண்டுமென்றால் அவர்களே காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். வழியில் ஷேவ் பண்ணிக்கொண்டான் என்றார்கள். பெண்டாட்டியைப் பார்க்கத் தாடியோடா போவான்? தம்பி சாகவில்லை, மயக்கம்தான் என்றார்கள். அந்தத் தியேட்டரில் பார்த்தவர்களும் எங்கள் தியேட்டரில் பார்த்தவர்களும் முடிவெட்டும் கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே ஒன்பது நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். எங்களிடம் தொண்ணூற்றாறு நாள்.

ஆறாவது வாரம் கேபின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும்.

"படம் மங்கலா தெரியுது," என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. என் படத்தில் எது வேண்டுமானாலும் தப்பாக இருக்கும், மங்கலாக மட்டும் இருக்காது. இருந்தாலும் லென்ஸைக் கழற்றித் துடைத்துக் காட்டினேன். அவள் லென்ஸைப் பார்க்கவே இல்லை. ரீல் டப்பாக்களைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கடைசியில சுபம்னு வருதே, அதுவும் ஹாலிவுட்லேர்ந்தே எழுதி அனுப்பினாங்களா?"

"ஆமா. அங்க எல்லா மொழியிலயும் எழுத ஆள் வெச்சிருக்காங்க," என்றேன், கண் இமைக்காமல்.

"ஓஹோ," என்றாள்.

அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அன்று மாலைக் காட்சிக்குச் சுபம் ஸ்லைடைக் காணவில்லை. மீசைதான் எங்கேயோ போட்டு உடைத்துவிட்டார் என்று நினைத்து அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. வேறொன்று எழுதிக்கொண்டேன். அந்தப் பெண் அதற்குப் பிறகும் வந்தாள், படம் மங்கலாகத் தெரிகிறது என்று. எட்டு மாதத்தில் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம்.

இதுவரைக்கும் விளையாட்டு. இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தூங்கவிடாமல் செய்தது.

என் மாமனார் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். திரும்பி வந்தது அவருடைய பெட்டி மட்டும். அவள் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் தியேட்டரை மூடிவிட்டார்கள். லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டு நான் தூர தேசத்துக்கு ஒன்றரை வருஷம் போகவேண்டி வந்தது. வீட்டில் எல்லாரும் அவளைப் பயமுறுத்தினார்கள். அவள் மட்டும் வாசலில் நின்று, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் சொன்னாள்: "போனா வர மாட்டாங்களா? குதிரைப் படத்துல அவன் வரலையா?"

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் இருந்தாள். நான் திரும்பி வந்தபோது அவளே ஓடிவந்து தாழ்ப்பாளைத் தள்ளினாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பிறகு எங்கள் வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. மகள் பரீட்சையில் தோற்றால், எனக்கு ஆபரேஷன் என்றால், எதுவானாலும் "குதிரைப் படத்துல அவன் வரலையா?" நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவளுடைய தைரியமே நான் ஒட்டவைத்த ஒரு ரீலில் நிற்கிறது. அது ஒட்டு என்று தெரிந்துவிட்டால், இந்த ஆள் என் வாழ்க்கையில் வேறு எதையெல்லாம் ஒட்டினான் என்று நினைக்கமாட்டாளா? எனக்கு அதுதான் பயம். வேறு பயம் கிடையாது.

அதனால் அன்று மத்தியானமே சோடாபுட்டி கடைக்குப் போனேன். அது இரண்டு பேர் எதிரெதிரே நிற்க முடியாத கடை, தரையிலிருந்து கூரைவரை டிஸ்க். சோடாபுட்டி தன் தடித்த கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தான்.

"குதிரைப் படம் எத்தனை பெட்டி வந்திருக்கு?"

"ரெண்டு."

"ரெண்டையும் உள்ள வை. என் வீட்டுக்காரி வந்தா தீர்ந்துபோச்சுன்னு சொல்லிடு."

"ஏன் சார்?"

"அவ பிறந்தநாளுக்கு நானே வாங்கிக் குடுக்கப்போறேன். ரகசியம்."

"அம்மா பிறந்தநாள் போன மாசம்தானே வந்துது? மருந்துக்கடையில எனக்கு சாக்லேட் குடுத்தாங்களே."

"அடுத்த பிறந்தநாளுக்குப்பா. நல்ல காரியத்தை முன்கூட்டியே யோசிக்கக் கூடாதா?"

சோடாபுட்டி யோசித்தான். பிறகு இரண்டு பெட்டிகளையும் கவுண்டருக்கு அடியில் தள்ளினான். நான் சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினேன். அன்று மூன்று லிஃப்டுகளும் ஒழுங்காக ஓடின.

மறுநாள் மாலை அவள் வேலை முடிந்து வந்தாள். அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். முப்பது வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கிறவள். இதை நான் முன்பே நினைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

"என்ன, தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டானா?" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். "எது?"

நுணலும் தன் வாயால் கெடும்.

"இல்ல, அந்தக் குதிரைப் படம். புதுசா வந்தா சட்டுனு தீர்ந்துடுமே."

"நாப்பத்து மூணு வருஷத்துப் படம்ங்க அது." பையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். "தீர்ந்துபோச்சுன்னுதான் முதல்ல சொன்னான். பிரஷருக்கு என்கிட்டதானே மாத்திரை வாங்கறான்? பொய் சொன்னா பிரஷர் ஏறும்பா, பார்த்துக்கோன்னேன். கவுண்டருக்கு அடியிலேர்ந்து எடுத்துக் குடுத்துட்டான்."

பெட்டியின் மேல் சேனாதிபதி தாடியோடு குதிரையில் உட்கார்ந்து என்னை முறைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்க்கை எடுத்தேன். உடைக்கத்தான் நினைத்தேன், மனம் வரவில்லை. என் வேலைப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவே செருகினேன். காலி இடத்தில், கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற ஒரு பழைய டிஸ்க்கை வைத்து மூடினேன். கடைக்காரன் தப்பு, கம்பெனி தப்பு, உலகத்தில் எத்தனை தப்பு நடக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. அவள் திரைச்சீலைகளை இழுத்து மூடி அறையை இருட்டாக்கினாள். சோபாவின் நடுவில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள்.

"போடுங்க, ஆபரேட்டர் சார்."

முதல் டிஸ்க் ஓடியது. அவ்வளவு துல்லியமாக நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, குதிரை வியர்ப்பதுகூடத் தெரிந்தது. எனக்கும் வியர்த்தது. ஒரு மணி நேரம் கடந்ததும் மாலை வெளிச்சம் வந்தது. குதிரை வந்தது. மரக்கதவு வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, இந்த சீன் இங்கேயே வருதே?"

"ரெண்டு தடவை வரும். மறந்துட்டியா? அழகான சீனை ரெண்டு தடவை போடறது ஹாலிவுட்ல வழக்கம்."

"ஓஹோ. தம்பிதானே குதிரையைப் பிடிக்கறான்?"

"ஆமா."

"கடைசியிலயும் அவன்தானே பிடிப்பான்?"

"பிடிப்பான். உடம்பு நல்லா இருந்தா பிடிப்பான்."

அவள் தலையணையை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். முதுகு வலியாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் டிஸ்க் முடிந்தது. அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். நான் இரண்டாவது டிஸ்க்கை மிக இயல்பாகப் பிளேயரில் வைத்தேன். திரையில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் தோன்றி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கும்படி எங்களைக் கேட்டுக்கொண்டாள். பின்னால் நாலு பேர் கையைத் தூக்கினார்கள்.

என் மனைவி டீயை உறிஞ்சிக்கொண்டே இரண்டு நிமிஷம் அதைக் கவனமாகப் பார்த்தாள்.

"போருக்குத் தயாராகறாங்களோ?"

"கடைக்காரன் மாத்தி வெச்சுட்டான்! இதைத்தான் நான் அப்பவே சொன்னேன். நாளைக்குப் போய் அவனை..."

அவள் எழுந்து வாசல் பக்கம் போனாள். என் வேலைப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"நான் துணியில சுத்தலையே," என்றேன். அதைச் சொல்லியிருக்கவேண்டாம்.

"சுத்தினது நான். வெள்ளிக்கிழமையே பார்த்துட்டேன். ஸ்பேனருக்கு நடுவுல அப்படியே போட்டா கீறல் விழாதா? போடுங்க."

கையும் களவுமாகப் பிடிபட்டவன் செய்யக்கூடியது ஒன்றுதான். போட்டேன். போர் நடந்தது. தம்பி செத்தான். மயக்கமில்லை, நன்றாகவே செத்தான். மணி ஆறை நெருங்கும்போது போர் ஓய்ந்தது. கட்டுப்போட்ட கையோடு சேனாதிபதி குதிரையில் ஏறினான். வீட்டுப் பக்கம் திரும்பினான். நான் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்தினேன்.

"இதுக்கு மேல பார்க்காதே."

"ஏன்?"

"அவன் வரலை." ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "வீட்டுக்கு வரவே இல்ல. வழியிலேயே செத்துடறான். அவ வந்து தேடறா. நான்தான் அஞ்சாவது ரீலைத் தூக்கிக் கடைசியில போட்டேன். முதல் நாள் வேற வழியில்லாம போட்டேன், அப்புறம் தெரிஞ்சே போட்டேன். சுபம் எழுதினதும் நான்தான். உன்கிட்ட முப்பத்தொரு வருஷமா பொய் சொல்லியிருக்கேன். என்னைத் திட்டு. ஆனா அந்த ஒண்ணைத் தவிர வேற எதையும் ஒட்டலை, இது சத்தியம்."

அவள் திட்டவில்லை. படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறந்தது. நான் பெட்டி கட்டுகிறாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் மாத்திரைகள் வரும் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கண்ணாடி ஸ்லைடு. கறுப்பு மையில் 'சுபம்'. என் கையெழுத்து, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தபடி.

"ஹாலிவுட்ல இவ்வளவு கோணலாவா எழுதுவாங்க?" என்றாள்.

நான் குனிந்து அந்தக் கோணலைப் பார்த்தேன்.

"படத்தை முதல்ல ஸ்டேஷன் பக்கத்துத் தியேட்டர்லதான் பார்த்தேன், எங்க அக்காவோட. அப்பாவோட பெட்டி வந்து அப்போ நாலு மாசம். அந்தக் குதிரை தனியா நின்னுச்சு பாருங்க, நான் எழுந்து வெளியே ஓடி வந்துட்டேன். ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் எங்க தெருவுல ஒருத்தி சொன்னா, இன்னொரு தியேட்டர்ல அவன் வீட்டுக்கு வந்துடறான்னு. அடிப் பைத்தியமேன்னேன். வந்து பார்த்தேன். வந்தான்." ஸ்லைடை விரலால் துடைத்தாள். "தாடி இல்லாம வந்தான், செத்த தம்பி குதிரையைப் பிடிச்சான். யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பதினோரு தடவையும் அந்தக் கதவு திறக்கறதுக்காகத்தான் வந்தேன். அப்புறம், அந்த ஆள் யார்னு பார்க்கணும்னு மாடி ஏறினேன்."

"அப்போ படம் மங்கலா..."

"பளிச்சுனு இருந்துச்சு."

"நான் தூர தேசத்துக்குப் போனப்போ, குதிரைப் படத்துல அவன் வரலையான்னு கேட்டியே? அவன் வரலைன்னு தெரிஞ்சேவா கேட்டே?"

"தெரிஞ்சேதான். அப்பாவைத் திருப்பிக் கூட்டிட்டு வர யாரும் இல்லை. ஆனா செத்தவனையே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த ஆளு நீங்க. உங்களுக்கா வீட்டுக்கு வழி தெரியாதுன்னு நினைச்சேன்."

நான் அழுதேன். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, ஐம்பத்தாறு வயதில் சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதேன். துடைத்துக்கொள்ள அந்த டிஸ்க் சுற்றிய துணியையே கொடுத்தாள். பிறகு எனக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்குடி இந்த டிவிடி? ஆறு நாளா என் உயிர் போச்சு!"

"நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன், சொல்ற மாதிரி தெரியலை. மகளும் கல்யாணமாகிப் போயாச்சு, வீட்டுல சிரிக்க வேற வழியும் இல்ல." மறுபடியும் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை தோள் குலுங்குவது தெரிந்தது. "உடம்பு நல்லா இருந்தா பிடிப்பானாம்!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள். திரையில் சேனாதிபதி அந்தரத்தில் தூக்கிய குதிரைக் காலோடு நின்றுகொண்டிருந்தான்.

"அவனை எவ்வளவு நேரம் அங்கேயே நிறுத்தி வெப்பீங்க? உங்க படத்தை ஓட்டுங்க."

ரிமோட்டை அழுத்தினேன். குதிரை திரும்பி மூன்றடி வைத்தது. அங்கே வெட்டினேன். எழுந்து போய் இரண்டாவது டிஸ்க்கை வெளியே எடுத்து, முதல் டிஸ்க்கைத் தட்டில் வைத்தேன். எங்கள் பிளேயர் பழையது. தட்டு முனகிக்கொண்டே உள்ளே போனது, டிஸ்க் சுற்றத் தொடங்கவில்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. அறை கும்மிருட்டு. நான் மண்டியிட்டு, ரிமோட்டில் எண்களைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து அந்த விசில் வந்தது.

ஊசி போலக் காதில் இறங்கி மூளையில் போய் நின்றது. ரிமோட் கையிலிருந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். சோபாவின் நடுவே, இரண்டு விரல் இன்னும் வாயில் இருக்க, என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"யோவ் ஆபரேட்டர், தூங்கிட்டியா?"

அவளுடைய ஏழு தலைமுறையிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஐந்தாவது ரீலைத் தேடிப் பிடித்தேன். மாலை வெளிச்சம் வந்தது. சேனாதிபதி மழமழவென்று வந்து இறங்கினான். செத்த தம்பி குதிரையைப் பிடித்தான்.

"வழியில ஷேவ் பண்ணிக்கிட்டான்," என்றாள்.

"பெண்டாட்டியைப் பார்க்கத் தாடியோடா வருவான்?" என்றேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். பதினோரு தடவை பார்த்தவள், எல்லாம் தெரிந்தவள், கதவு திறக்கும்வரை மூச்சு விடவில்லை.